அண்ணி பொருத்திய குழாய்

ஞாயிறு, 24 ஆகஸ்ட் 2025
சிராங்கூன், உங்கள் புளோக் கார்பார்க்

அண்ணி அவர்களுக்கு,

‘அவர்களுக்கு’ என்று போட்டதைப் பார்த்ததுமே நான் எந்த நிலைமையில் இருக்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். போனில் உங்களை பிளாக் பண்ணி ஒரு மாதம் ஆகிறது. அதை எடுத்துவிடும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் வண்டி நம் ரெண்டு பேருக்கும் பொது. திங்கள் முதல் வியாழன் வரை உங்களுக்கு, வெள்ளியிலிருந்து ஞாயிறு வரை எனக்கு. அதனால் வண்டி விஷயத்தை வண்டிக்குள்ளேயே, கிளவ் பாக்ஸில் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

வண்டியை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்?

நேற்று காத்தோங் பிள்ளையார் கோவிலில் முகூர்த்தம். விடியற்காலையில் மணப்பெண்ணை அலங்கரிக்கப் போகிறேன். சிலோன் ரோட்டில் திரும்பி ஆக்சிலரேட்டரை மிதித்தால் லாரி உறுமுவதுபோல ஒரு சத்தம். கோவில் வாசலில் தவிலை இறக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்று பார்த்தார். பெண்ணின் மாமா ஓடி வந்தார். “என்னம்மா, சைலன்சர் கழண்டுடுச்சா லா? மெக்கானிக் கூப்பிடவா?” என்றார். குட்டிக் காரில் வந்து இறங்கிய எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்தேன். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருக்குமே, காற்று வடிகட்டி இருக்கிற பெட்டி, அதைக் காணோம். அந்த இடத்தில் கிச்சன் சிங்குக்கு அடியில் போடுகிற வெள்ளை பிவிசி குழாய். அதில் ரெண்டு வளைவு. சுற்றிலும் வெள்ளி டேப். குழாயின் கடைசியில் ஒரு பிஸ்கட் டப்பா. சத்தியமாகச் சொல்கிறேன், மூடியில் தீபாவளி ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கிறது.

பாதி வண்டி என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? உங்களுக்குக் கேட்கிற பழக்கம் கிடையாது. என் மேக்கப் பெட்டிகளை டிக்கியில் போட்டோ எடுத்து, “பொண்ணு ஒண்ணு, பெயின்ட் நாலு பெட்டி, பெட்ரோல் எங்கே மிச்சமாகும்?” என்று குடும்ப குரூப்பில் போட்டபோதும் கேட்கவில்லை. பினாங்கு சித்தி வரைக்கும் சிரித்தார்கள். பன்னிரண்டு வருஷமாக நான் செய்கிற தொழில் உங்களுக்குப் பெயின்ட்.

வெள்ளிக்கிழமைக்குள் பழைய பெட்டியை மாட்டிவிடுங்கள். நவம்பரோடு வண்டியின் சி.ஓ.இ. உரிமம் முடிகிறது, அது இல்லாமல் இந்த ஊரில் வண்டி வைத்திருக்க முடியாது. புதுப்பிப்பதா, உடைக்கக் கொடுப்பதா என்று ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் குழாய் இருந்தால் என் பதில் என்னவாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் விலகிக்கொள்வேன்.

கவிப்ரியா


செவ்வாய், 26 ஆகஸ்ட்

அன்புள்ள கவி,

நான் ‘அன்புள்ள’ என்றுதான் போடுவேன். நீ கோபமாக இருந்தால் அது உன் வசதி.

முதலில் குழாய். நம் வண்டி ஆயிரத்து இருநூறு சிசி. சாதுவான வண்டி. கம்பெனிக்காரன் அதற்குக் கொடுத்திருக்கிற காற்று வழியை நீ பார்க்க வேண்டும். ஒல்லியாக, மூன்று இடத்தில் மடங்கி, மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி. சத்தம் வரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறான். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். மூக்கை அகலமாக்கினேன். ஜாலான் புசார் கடையில் குழாய் வாங்கி, பக்கத்து வீட்டு ரவூப்பிடம் ரம்பம் இரவல் வாங்கி, நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அறுத்தேன். வெப்பம் பார்க்கிற சென்சாருக்கு அளவாக ஓட்டை போட்டு ரப்பர் வளையம் வைத்தேன். டப்பாவுக்குள் இருப்பது வண்டிக்கென்றே விற்கிற ஸ்பஞ்சு வடிகட்டி. டேப் அழகுக்கு. ஸ்டிக்கர் தானாக வந்தது.

சோதிக்காமல் உன் கையில் கொடுத்தேன் என்று நினைக்காதே. உன் அண்ணனை முன்னால் உட்காரவைத்து, பின்னால் ரெண்டு மூட்டை பொன்னி அரிசியைப் போட்டு மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் ஏறினேன். முன்பெல்லாம் பாதியில் முனகும். இப்போது மூச்சு வாங்காமல் ஏறுகிறது. உன் அண்ணன்கூட “பரவால்லையே” என்றார். திருமணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் அந்த மனிதர் என் சமையலைப் பற்றிக்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நம் சண்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும், “உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை பார்க்கிங் போடாதீங்க” என்று டிவிக்குப் போய்விடுகிறார்.

ஏன் இதைச் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். நான் நாள் முழுக்க ஆபீசில் அடுத்தவர் கப்பல், அடுத்தவர் சரக்கு என்று இன்வாய்ஸ் தட்டுகிறவள். நாற்பத்தொன்பது வயதில் முதல் முறையாக, நான் கையால் செய்த ஒன்று இருப்பதால் ஒரு பொருள் நன்றாக ஓடுகிறது. எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. அதைக் கழற்றமாட்டேன்.

குரூப்பில் போட்டது வேடிக்கைக்கு. நாலு பெட்டி கனம் என்பது உண்மைதானே? உண்மையைச் சொன்னால் பிளாக்கா?

வெள்ளிக்கிழமை வண்டியை எடுக்கும்போது மேலே வந்து ஒரு காபி குடித்துவிட்டுப் போ. ஆறாவது மாடி இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

லீலா அண்ணி


ஞாயிறு, 31 ஆகஸ்ட்

அண்ணி,

நான் மேலே வரவில்லை. காபியை பஃபலோ ரோட்டில் குடித்துக்கொண்டேன்.

பொய் சொல்ல எனக்கு வராது, அதனால் சொல்கிறேன். காலையில் வண்டி நன்றாக இழுக்கிறது. நாலு பெட்டியோடும் இழுக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் மத்தியானம் கதையே வேறு. நேற்று சிராங்கூன் ரோட்டில் நெரிசல். ஏசி போட்டுக்கொண்டு அரை மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து போனேன். கடைசியில் சிக்னல் பச்சை விழுந்து மிதித்தால் வண்டி நகரவே யோசிக்கிறது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். சத்தம் மட்டும் பந்தயக் கார் மாதிரி.

கோமள விலாஸில் சாப்பிட்டுவிட்டு வந்து பானெட்டைத் திறந்து, குழாயின் வாய் இருக்கிற இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. அண்ணி, நீங்கள் வாயை ரேடியேட்டருக்குப் பின்னால் வைத்திருக்கிறீர்கள். வண்டி நிற்கும்போது அது வெந்த காற்றைத்தான் குடிக்கிறது. நான் ஏர்பிரஷ் வைத்து முகத்துக்கு ஃபவுண்டேஷன் அடிக்கிறவள். அந்தச் சின்ன கம்ப்ரசரைச் சூடான மூலையில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். காற்றைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். என் பெட்டியில் இருப்பது வெறும் பெயின்ட் இல்லை.

பழைய பெட்டியை மாட்டுங்கள் என்று சொன்னேன். மாட்டவில்லை. நவம்பர் பற்றி நான் சொன்னதும் அப்படியே இருக்கிறது.

கவி


புதன், 3 செப்டம்பர்

அன்புள்ள கவி,

குழாயின் வாயை முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், நம்பர் பிளேட்டுக்கு மேலே கொண்டுவந்துவிட்டேன். இனிமேல் அது வெளிக்காற்றைத்தான் குடிக்கும். இன்ஜின் சூடு தாக்காமல் இருக்க, கேக் சுடுகிற அலுமினியத் தட்டை வெட்டி நடுவில் மறைப்பாக வைத்திருக்கிறேன். நீ சொன்னதற்காகச் செய்யவில்லை. நான் ஏற்கனவே யோசித்து வைத்திருந்ததுதான். கேக் தட்டு கிடைக்காததால் தாமதம்.

உன் அண்ணன் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறார். ஏன் என்று தெரியவில்லை.

வாயை ரொம்பக் கீழே வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிற ரோட்டில் குழாய் தண்ணீரைக் குடித்தால் இன்ஜின் அதோடு காலி. அதையெல்லாம் படித்துத்தான் வைத்திருக்கிறேன். என்னை அரைகுறை என்று நினைக்காதே. முன்னால் இருக்கிற வாய் எதை வேண்டுமானாலும் இழுக்கும் என்பதும் தெரியும். கிரில்லுக்கு முன்னால் பிளாஸ்டிக் பையோ காய்ந்த இலையோ ஒட்டியிருந்தால் எடுத்துவிட்டுக் கிளம்பு.

கம்ப்ரசர் விஷயம் எனக்குத் தெரியாது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு நாள் காட்டு. கேட்கிறேன் என்பதைக் கவனி. கேட்கிற பழக்கம் கிடையாது என்று எழுதியிருந்தாயே.

லீலா அண்ணி


ஞாயிறு, 14 செப்டம்பர்

அண்ணி,

வண்டி மத்தியானமும் இழுக்கிறது. நெரிசலில் நின்று கிளம்பினாலும் சுணக்கம் இல்லை. நேற்று காலாங் பக்கம் ஹைவேயில் ஏறும்போது பக்கத்தில் வந்த பெரிய காரை முந்திவிட்டேன். அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். நான் பார்க்கவில்லை. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்க விரும்பவில்லை.

சத்தத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கோவில் வாசல் வரும்போது காலை எடுத்துவிட்டால் பூனை மாதிரி போகிறது.

ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தன. புரட்டாசியில் நம் ஆட்களின் கல்யாணம் இல்லை. ஆனால் அக்டோபர் 4 சனிக்கிழமை ஒரு சர்ச் கல்யாணம். பெண் பெயர் மிரண்டா. அம்மா ரோசம்மா ரொம்பக் கண்டிப்பு. அவர்கள் சபையில் இது என் முதல் வேலை. இது நன்றாக அமைந்தால் அங்கே இன்னும் நாலு வீடு கூப்பிடும்.

ஆயுத பூஜைக்கு நான் வீட்டுக்கு வரமாட்டேன். போன வருஷம் மாதிரி என் பிரஷ்களையும் உங்கள் ஸ்பானர்களையும் ஒரே தட்டில் வைக்கிற நிலைமையில் நாம் இல்லை. குரூப்பில் நீங்கள் போட்டது இன்னும் அங்கேதான் இருக்கிறது. வண்டிக்கு நீங்களே பொட்டு வைத்துவிடுங்கள். மறந்துவிடாதீர்கள். உங்களுக்குக் குழாய் ஞாபகம் இருக்கும், பூஜை ஞாபகம் இருக்காது.

கவி


வியாழன், 2 அக்டோபர்

என் கவிக்கு,

இன்று காலை ஆபீஸ் கிளம்ப கார்பார்க் போனேன். நான் நேற்று வைத்த பொட்டு மட்டும் இருக்கும் என்று நினைத்தால், வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. முன்பக்கம் முழுக்க மஞ்சள் சாமந்தி மாலை, நடுவில் ஒரு ரோஜா. உன் அண்ணனிடம் கேட்டேன். “எனக்கு ஒண்ணும் தெரியாது லா” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பேப்பரைத் தூக்கிக்கொண்டார். அந்த மாதிரி ரெண்டு பக்கமும் கண்ணி வைத்துக் கட்டுகிற கை நம் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

வேலை முடிந்து இவ்வளவு தூரம் வந்து, மேலே ஆறு மாடி ஏறாமல், கீழேயே கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். நான் வண்டிக்குள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கிளம்பவே இல்லை. ஆபீசுக்கு லேட். கேட்டதற்கு, வண்டிக்கு மாலை போட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். சீன மேனேஜர் “கங்ராட்ஸ்” என்றார்.

மாலையை எடுக்கவில்லை. அப்படியே உன்னிடம் தருகிறேன். சனிக்கிழமை மிரண்டாவை ராணி மாதிரி ஆக்கிவிடு.

லீலா அண்ணி


ஞாயிறு, 5 அக்டோபர்

அண்ணி அவர்களுக்கு,

வண்டி நேற்று பி.ஐ.ஈ. ஹைவேயில் நின்றுவிட்டது.

தோ பாயோ தாண்டும்போது இழுவை குறைந்தது. மிதிக்க மிதிக்க இன்னும் குறைந்தது. இன்ஜின் விளக்கு எரிந்தது. ஓரமாக ஒதுக்குவதற்குள் ரெண்டு தடவை குலுங்கி அணைந்துவிட்டது. என் பெட்டிகளோடு டாக்சிக்கு நின்றேன். சனிக்கிழமை காலை, டாக்சி எப்போது கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். நான் போய்ச் சேரும்போது மிரண்டா அழுதுகொண்டிருந்தாள். அழுத முகத்தில் எதுவும் ஒட்டாது. இருந்தாலும் எப்படியோ முடித்தேன். பெண் வந்து சேரும்வரை சர்ச்சில் பாட்டுக்காரர்கள் அதே பாட்டை மறுபடியும் பாடினார்களாம். ரோசம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது ஒரே வார்த்தை. “எங்க ஆளுங்ககிட்ட சொல்லிடறேன்.” என்ன சொல்வார் என்று நான் கேட்கவில்லை.

இழுவை வண்டிக்காரர் டப்பாவைத் திறந்து காட்டினார். ஸ்பஞ்சே தெரியவில்லை. சாமந்தி. காய்ந்து உதிர்ந்த இதழ் ஒரு கைப்பிடி, நாரும் ரோஜாத் தண்டும் சேர்ந்து அப்பளம் மாதிரி அழுத்தி ஒட்டியிருந்தது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “கார் சாப்பிட்டது பூ மாலையா?” என்றார்.

நான் கட்டிய மாலைதான். ஒத்துக்கொள்கிறேன். குழாயின் வாய் அங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதியது கட்டும்போது எனக்கு ஞாபகத்தில் இல்லை. சாமி ஞாபகம்தான் இருந்தது. உங்கள் ஞாபகமும் இருந்தது.

ஆனால் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கும். பிளாஸ்டிக் பை, காய்ந்த இலை என்று எழுதியவரே நீங்கள்தான். வியாழக்கிழமை முழுக்க அந்த மாலையோடு ஓட்டியிருக்கிறீர்கள். தெரிந்தும் ஏன் எடுக்கவில்லை? ஒரு கையால் அவிழ்த்துப் போட்டிருந்தால் என் பெயர் தப்பித்திருக்கும்.

நவம்பருக்கு என் பதில் இதுதான். நான் விலகிக்கொள்கிறேன்.

கவிப்ரியா


செவ்வாய், 7 அக்டோபர்

கவி,

ஆமாம், தெரியும்.

வியாழக்கிழமை காலையே தெரியும். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். மாலை சரியாகக் குழாயின் வாய்க்கு முன்னால் இருந்தது. அவிழ்க்கக் கையை வைத்தேன். நீ வெள்ளிக்கிழமை வந்து பார்க்கும்போது மாலை இல்லை என்றால் என்ன நினைப்பாய் என்று யோசித்தேன். அண்ணிக்கு நான் கட்டியது தேவையில்லை, குழாய்தான் பெரிது என்று நினைப்பாய். ரெண்டு மாதம் கழித்து நீ முதல் முதலில் நீட்டிய கை அது. அதை எப்படித் தட்டிவிடுவது? பூ ஈரமாகத்தானே இருக்கிறது, ரெண்டு நாள் உதிராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை அடித்த வெயிலைக் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்காக மன்னிப்பு என்று எழுதிக் காகிதத்தை ரொப்பமாட்டேன். எனக்கு அது வராது. நடந்ததைத்தான் எழுத வரும். குழாயையும் டப்பாவையும் கழற்றிவிட்டேன். பழைய கறுப்புப் பெட்டி பழைய இடத்தில் இருக்கிறது. இனி வண்டி யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காது.

நவம்பர் உன் இஷ்டம். வண்டி என் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து தேவையில்லைதான். ஆனால் தனியாக நான் புதுப்பிக்கமாட்டேன். நீ இல்லாமல் நாலு நாளுக்கு மட்டும் ஒரு வண்டி எனக்கு எதற்கு? நீ வேண்டாம் என்றால் உடைக்கக் கொடுத்துவிடுகிறேன்.

இந்த வாரம் நான் ஒரு நாள் லீவு போடுகிறேன். ஒரு வேலை இருக்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு போவேன், வெள்ளிக்குள் வந்துவிடும்.

லீலா


ஞாயிறு, 2 நவம்பர்

அண்ணி,

நாலு வாரமாக நான் எதுவும் எழுதவில்லை. நீங்களும் எழுதவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கிளவ் பாக்ஸைத் திறந்து பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று மத்தியானம் ரோசம்மா போன் செய்தார். அடுத்த பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம், ஜனவரியில். “நீங்கதான் வரணும்” என்றார். எனக்குக் காது கேட்டது சரிதானா என்று சந்தேகம். என் மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன்.

“கோபந்தான் இருந்துச்சு. உங்க அண்ணி வந்து சொன்னதுக்கு அப்புறம் எப்படிம்மா இருக்கும்?” என்றார்.

அண்ணி, நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். உங்களுக்கு ஆபீஸ் இல்லாத சனிக்கிழமை வரைகூடக் காத்திருக்காமல், அந்த வார வியாழக்கிழமையே, லீவு போட்டு. வீட்டில் அவருடைய சொந்தக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்களாம். அத்தனை பேர் முன்னாலும் அந்த பிவிசி குழாயையும் டப்பாவையும் மேசை மேல் வைத்து, எப்படிச் செய்தீர்கள், பூ எப்படி உள்ளே போனது என்று விளக்கினீர்களாம். “இது என் தப்பு. என் நாத்தனார் பன்னிரண்டு வருஷத்துல ஒரு பொண்ணையும் காக்க வச்சதில்லை. அவ கைக்கு நீங்க எங்கயும் ஈடு தேட முடியாது” என்று சொன்னீர்களாம். ரோசம்மாவின் தம்பி குழாயைக் கையில் எடுத்துப் பார்த்து, தன் வண்டிக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டாராம். அவரை “இப்ப அதைப் பேசற நேரமா?” என்று நீங்கள் அதட்டினீர்களாம். ரோசம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

மன்னிப்பு என்று எழுத உங்களுக்கு வராது என்றீர்கள். எழுத வராததைப் பத்துப் பேர் முன்னால் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். வந்து என்னிடம் ஒரு வரி சொல்லவில்லை. போனை வைத்ததும் நான் அழுதேன். ஐலைனர் போட்டிருந்தேன், அது வேறு.

இப்போது வண்டி விஷயம். பழைய பெட்டியோடு நாலு வாரம் ஓட்டினேன். சத்தம் இல்லை. உயிரும் இல்லை. நேற்று உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு ஏற்றத்தில் பின்னால் வந்த மோட்டார்சைக்கிள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனது. எனக்கு ஆத்திரமாக வந்தது. குழாயை மறுபடியும் மாட்டுங்கள். வாய்க்கு ஒரு வலை வேண்டும். பெரிய துளை இருந்தால் இதழ் போகும், சின்னத் துளை இருந்தால் காற்று போகாது. விக் தைக்கிற வலையில் மூன்று ரகம் வாங்கியிருக்கிறேன். எது சரி என்று ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம். அரிசி மூட்டைக்குப் பதில் என் பெட்டிகளை வையுங்கள்.

சி.ஓ.இ.யைப் புதுப்பியுங்கள். ஐந்து வருஷத்துக்கு. போனில் பிளாக்கை எடுத்துவிட்டேன், குரூப்பில் முதல் மெசேஜும் உங்கள் பெயருக்குத்தான்.

வெள்ளிக்கிழமை சாவியோடு கார்பார்க்கில் காத்திருக்க மாட்டேன். நான் மேலே வருகிறேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். மீன் குழம்பு வையுங்கள்.

உங்கள் கவி